இரண்டாவது தொலைபேசி எண்: வாங்குவது, பிரித்து வைப்பது, விட்டு விலகுவது

வீடு வாடகைக்கு என்று ஒரு விளம்பரம் போட்டால், ஆள் குடிவந்து ஆறு மாதம் ஆன பிறகும் போன் அடித்துக்கொண்டே இருக்கும். விளம்பரத்தை நீக்கிவிடலாம். எண்ணைத் திரும்ப வாங்க முடியாது. அது ஒரு தரகரின் போனுக்குப் போய், அங்கிருந்து யாரோ ஒருவருடைய பட்டியலுக்குப் போய், அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலிகள் வரை போய்விட்டிருக்கும். வங்கியின் ஓடிபியும் அதே எண்ணுக்குத்தான் வருகிறது என்றால் இது வெறும் தொல்லை அல்ல, ஆபத்து. பெரும்பாலோருக்கு இரண்டாவது எண் என்ற யோசனை இந்த இடத்தில்தான் வருகிறது.

உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டையைக் கொடுத்து இன்னொரு எண் எடுப்பதில் தவறேதும் இல்லை. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அறிமுகமில்லாதவர்கள், வாடிக்கையாளர்கள், விளம்பரக்காரர்கள் ஆகியோரிடமிருந்து உங்கள் முதல் எண்ணை அது காப்பாற்றும். தொலைபேசி நிறுவனத்திடமிருந்தோ சட்டத்திடமிருந்தோ எதையும் மறைக்காது. இரண்டு சிம் போடும் போனில் ஐஎம்இஐ என்ற, போனை அடையாளம் காட்டும் எண்கள் இரண்டு இருக்கும் (*#06# அழுத்திப் பாருங்கள்). இரண்டு சிம்களும் எப்போதும் ஒன்றாகவே இடம் மாறுவது நிறுவனங்களின் பதிவுகளில் இருக்கும்.

எந்த எண் வெளியே, எந்த எண் உள்ளே?

வாங்குவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். இரண்டு வழி உண்டு, இரண்டும் நேரெதிரானவை.

முதல் வழியில் புதிய எண் வெளி உலகத்துக்கு. விளம்பரம், பழைய பொருள் விற்பனை, வரன் பார்க்கும் தளம், தொழில் அட்டை என்று எங்கே கேட்டாலும் புதிய எண்ணைத்தான் கொடுப்பீர்கள். தொல்லை அதிகமானால் அதை விட்டுவிட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழியில் புதிய எண் வீட்டுக்குள். பழைய எண் ஏற்கெனவே ஊரெல்லாம் தெரிந்தது, அது அப்படியே இருக்கட்டும். புதிய எண் வங்கிக்கும், மின்னஞ்சல் கணக்கு மீட்புக்கும், அரசு ஆவணங்களுக்கும் மட்டும். எந்த மனிதருக்கும் அதைக் கொடுப்பதில்லை. மருத்துவமனைச் சீட்டிலும் எழுதுவதில்லை, துணிக்கடை பில்லிலும் சொல்வதில்லை.

ஒரே புதிய எண்ணை இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டால் ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வருவீர்கள். பணம்தான் கவலை என்றால் இரண்டாவது வழியைத்தான் பரிந்துரைப்போம். பலர் யோசிக்காமல் முதல் வழியில் போகிறார்கள். பத்து வருடமாக எல்லாரிடமும் இருக்கும் எண்ணில் வங்கிக் கணக்கு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. சில வேலைகளுக்கு எண்ணே தேவைப்படாது. சிக்னல் என்ற செய்திச் செயலியில் 2024 பிப்ரவரி முதல் பயனர்பெயர் வைத்துக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. கணக்கு தொடங்க எண் வேண்டும், ஆனால் பேசுபவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. டெலிகிராமிலும் பயனர்பெயர் உண்டு. பழைய பொருள் விற்கும் தளங்களில் உள்ளேயே அரட்டை இருக்கும், முன்பணம் கைக்கு வரும்வரை அதிலேயே பேசலாம். உங்கள் தேவை இதோடு தீர்கிறது என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

சிம், இ-சிம், இணையவழி எண்

இன்னொரு சிம் அட்டை என்பது பழைய வழிதான், ஆனால் நம்பகமானது. போனின் திரை உடைந்தால் அட்டையைக் கழற்றி வேறு போனில் போட்டால் இரண்டு நிமிடத்தில் எண் உயிரோடு இருக்கும். வங்கிக்கான எண் என்றால் இதையே எடுங்கள்.

இ-சிம்மில் அட்டை கிடையாது. போனுக்குள் இருக்கும் சில்லில் உங்கள் இணைப்பு எழுதப்படும். போன் அதை ஏற்குமா என்று பார்க்க அதே *#06# போதும். ஐஎம்இஐ எண்களோடு இஐடி என்று 32 இலக்க எண் வந்தால் ஏற்கும். நிறுவனம் தரும் க்யூஆர் குறியீடு பெரும்பாலும் ஒரு முறைதான் செல்லும். நீங்கள் நிறுவுவதற்கு முன் அந்தப் படம் வேறொருவர் கையில் கிடைத்தால் எண் அவருடைய போனில் ஏறிவிடும். எனவே கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லி, அங்கேயே அவருடைய திரையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். போனை முழுவதும் அழித்து ரீசெட் செய்யும்போது, இ-சிம்மையும் அழிக்கவா என்று அது கேட்கும். யோசிக்காமல் ஆம் என்று தட்டி எண்ணை இழந்தவர்கள் நிறைய. மறுபடி எடுக்க நிறுவனத்தைக் கேட்டால், சரிபார்க்க அவர்கள் ஓடிபி அனுப்புவது அதே எண்ணுக்காக இருக்கும்! ஆகவே நிறுவனத்தின் கணக்கில் நடப்பில் உள்ள மின்னஞ்சல் முகவரி ஒன்று பதிவாகியிருக்க வேண்டும். பயணிகளுக்கான இ-சிம்களில் பலவற்றில் டேட்டா மட்டுமே இருக்கும், எண் இருக்காது. வாங்குவதற்கு முன் விவரத்தில் அழைப்பு, குறுஞ்செய்தி என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாவது, இணையவழி எண். ஒரு செயலியில் கணக்குத் திறந்தால் எண் கிடைக்கும், அழைப்பு இணையத்தின் வழியே வரும். தொழில் எண்ணுக்கு இது நன்றாக உதவும். வேலை நேரம் முடிந்ததும் தானாக அடிக்காமல் வைக்கலாம், ஒரே எண்ணை இரண்டு பேர் எடுக்கலாம். குறைகளும் உண்டு. பல வங்கிகளும் செய்திச் செயலிகளும் இத்தகைய எண்ணுக்கு ஓடிபி அனுப்ப மறுக்கும். அவசர உதவி எண்களுக்கு இதிலிருந்து அழைக்க முடியாமல் போகலாம். செயலிக் கணக்கின் கடவுச்சொல் போனால் எண்ணும் போயிற்று. இலவசமாகத் தருபவர்கள் சில வாரம் பயன்படுத்தாவிட்டால் எண்ணைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். சில நாடுகளில் இந்தச் சேவைக்கே தனி உரிமம் வேண்டும். உங்கள் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு உரிமம் தந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

நான்காவதாக ஒரு வழியை இணையத்தில் பார்ப்பீர்கள்: ஓடிபி வாங்க மட்டும் எண் தரும் தளங்கள், ஏற்கெனவே இயக்கத்தில் இருக்கும் சிம் என்று விற்பவர்கள். இரண்டையும் தொடாதீர்கள். அந்தத் தளங்களில் வரும் குறுஞ்செய்தியை உலகமே படிக்கும். இன்று நீங்கள் தொடங்கும் கணக்கை, நாளை அதே எண்ணைத் திறக்கும் இன்னொருவர் ஓடிபி வாங்கி எடுத்துக்கொள்வார். ஏற்கெனவே இயங்கும் சிம் என்பது வேறொருவருடைய அடையாளத்தில் எடுத்தது. அந்த ஆள் கடைக்குப் போய் சிம் தொலைந்துவிட்டது என்று சொன்னால் உங்கள் எண் அவர் கைக்குப் போய்விடும். அதற்கு முன் அந்த எண் ஏதாவது மோசடியில் சிக்கியிருந்தால் விசாரணை உங்களைத் தேடி வரும். இதேபோல, உங்கள் பெயரில் எடுத்த சிம்மை நண்பருக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

கடையில்

ஓர் அடையாளத்துக்கு இத்தனை இணைப்பு என்ற உச்சவரம்பு பல நாடுகளில் உண்டு. உங்கள் பெயரில் ஏற்கெனவே எத்தனை இருக்கின்றன என்று பார்க்கும் வசதி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். தெரியாத எண் ஒன்று தட்டுப்பட்டால், அதைத் துண்டிக்கச் சொல்லிவிட்டுப் புதிதாக எடுங்கள்.

முடிந்தவரை நிறுவனத்தின் சொந்தக் கிளைக்குப் போங்கள், சாலையோரக் குடைக்கடை வேண்டாம். அட்டையின் நகல் கேட்டால் அதன் குறுக்கே பேனாவால் தேதியையும், 'இந்த ஒரு சிம் இணைப்புக்கு மட்டும்' என்பதையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுத்து படத்தின் மேலும் எண்ணின் மேலும் லேசாக ஓட வேண்டும், ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு நகலெடுத்துவிடலாம்.

கைரேகை வாங்கும் இடங்களில் ஒரு பழைய தந்திரம் உண்டு. "சரியாப் பதியலை சார், இன்னொரு வாட்டி வைங்க" என்பார்கள். உண்மையிலேயே பதியாமலும் போகலாம், இரண்டாவது ரேகையில் இன்னொரு சிம் உங்கள் பெயரில் கிளம்பிப் போகவும் செய்யலாம். திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லி, தோல்வி என்ற செய்தியைக் கண்ணால் பார்த்த பிறகு விரலை வையுங்கள். ஒரு வாரம் கழித்து உங்கள் பெயரில் உள்ள இணைப்புகளை மறுபடி எண்ணிப் பாருங்கள்.

எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஆடம்பர எண் வேண்டாம். ஒரே இலக்கம் வரிசையாக வரும் எண்ணுக்குத் தவறான அழைப்பு அதிகம் வரும், பார்த்தவருக்கு மறக்கவும் மறக்காது. உங்கள் பழைய எண்ணுக்கு ஓர் இலக்கம் மட்டும் மாறிய எண்ணையும் தவிருங்கள்.

குடும்பத் திட்டத்திலோ அலுவலகக் கணக்கிலோ கூடுதல் இணைப்பாகச் சேர்த்தால் மலிவாக இருக்கும், ஆனால் யாருக்கு எப்போது பேசினீர்கள் என்ற விவரம் கணக்கு வைத்திருப்பவருக்குப் போகலாம். தனியாக இருக்க வேண்டிய எண்ணைத் தனியாகவே எடுங்கள்.

முதல் இரண்டு வாரம் யாருக்கும் கொடுக்காதீர்கள்

புதிய எண் என்று வாங்குவது பெரும்பாலும் புதியது அல்ல. ஒருவர் விட்ட எண் சில காலம் சும்மா கிடந்துவிட்டு அடுத்தவருக்குப் போகும். அமெரிக்காவில் இந்த இடைவெளி குறைந்தது 45 நாள், இந்தியாவில் 90 நாள். 2021இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்காவின் இரண்டு பெரிய நிறுவனங்கள் புதிய வாடிக்கையாளர்களுக்குக் காட்டிய 259 எண்களைச் சோதித்தார்கள். அவற்றில் 171 எண்கள், பிரபலமான தளங்களில் ஏற்கெனவே யாரோ வைத்திருந்த கணக்குகளோடு இணைந்திருந்தன.

ஆகவே சிம்மைப் போட்டுவிட்டு இரண்டு வாரம் வேடிக்கை பாருங்கள். கடன் வசூல்காரர்கள் பழைய ஆளைத் தேடி அழைத்தால், அவருடைய வங்கிச் செய்திகள் வந்தால், எண்ணை மாற்றித் தரச் சொல்வதற்கு இதுதான் நேரம். பத்து இடத்தில் பதிந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. அவருக்கு வரும் ஓடிபியை எங்கும் பயன்படுத்தாதீர்கள், அது குற்றம்.

வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ பதியும்போது, நீங்கள் வைக்காத ஒரு கடவு எண்ணைக் கேட்டால் பழைய ஆளின் இரண்டடுக்குப் பாதுகாப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். இரண்டிலும் ஏழு நாள் காத்திருந்து மீட்டமைக்கலாம். டெலிகிராமில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்த எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு, இன்னார் டெலிகிராமில் சேர்ந்துவிட்டார் என்று அறிவிப்பு போகும். பழைய ஆளின் நண்பர்கள் உங்களுக்கு வணக்கம் சொல்லி வரக்கூடும். பதில் சொல்லாமல் விடுங்கள்.

போனுக்குள் பிரித்து வைப்பது

ரகசியம் கெடுவது பெரும்பாலும் உங்கள் போனின் செட்டிங்ஸில்தான். முதலில் சிம் பகுதிக்குப் போய் இரண்டுக்கும் பெயர் வையுங்கள். 'சிம் 1', 'சிம் 2' என்று விடாமல் 'வீடு', 'வெளி' என்று வேறு வேறு நிறத்தில் வையுங்கள். அழைப்புக்கு எந்த சிம் என்ற இடத்தில் 'ஒவ்வொரு முறையும் கேள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தட்டல் கூடுதல்தான். ஆனால் அவசரத்தில் மிஸ்டு காலைத் தட்டி, விளம்பரத்தைப் பார்த்து அழைத்தவருக்கு வீட்டு எண்ணிலிருந்து அழைத்துவிடும் தவறு இதனால்தான் நிற்கும். ஐபோனில் ஐமெசேஜ், ஃபேஸ்டைம் இரண்டிலும் 'அனுப்புவது, பெறுவது' என்ற பகுதியைத் திறந்து எந்த எண் குறியிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு எண்ணும் அங்கே இருந்தால், செய்தி எந்த எண்ணிலிருந்து போகும் என்பதை ஒவ்வொரு முறையும் கவனிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தொடர்புப் பட்டியல். புதிய எண்ணில் சேரும் எந்தச் செயலிக்கும் அந்த அனுமதியைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் செயலி உங்கள் நண்பர்களின் எண்களைப் படித்து, 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று உங்களை அவர்களுக்கும் அவர்களை உங்களுக்கும் காட்டத் தொடங்கும். அந்நியர்களுக்கான கணக்கு ஒரே நாளில் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டில் 2023 முதல் ஒரே செயலிக்குள் இரண்டு கணக்குகளை வைக்க விடுகிறது. இரண்டாவதில் அதே முகப்புப் படத்தைப் போடாதீர்கள். படத்தை வைத்துத் தேடும் வசதி எல்லாரிடமும் இருக்கிறது. டெலிகிராமில் 'என் எண்ணை யார் பார்க்கலாம்' என்பதோடு, அதன் கீழே வரும் 'எண்ணை வைத்து யார் என்னைக் கண்டுபிடிக்கலாம்' என்பதையும் மாற்றுங்கள். முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு விடுபவர்கள்தான் அதிகம்.

பலர் மறப்பது பணம் அனுப்பும் செயலியை. எண்ணைத் தட்டினால் வங்கியில் பதிந்த பெயர் முழுதாக வந்து நிற்கும். விளம்பரத்தில் 'குமார்' என்று மட்டும் போட்டுவிட்டு அதே எண்ணில் பணம் வாங்கும் வசதியைத் திறந்து வைத்தால், அப்பா பெயர் முதற்கொண்டு தெரிந்துவிடும். வெளி எண்ணை எந்தப் பணச் செயலியிலும் இணைக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். உங்கள் எண்ணைச் சேமிக்காத ஒருவரின் போனுக்குப் புதிய எண்ணிலிருந்து அழையுங்கள். திரையில் என்ன பெயர் வருகிறது? அழைப்பவர் பெயர் காட்டும் செயலி அவரிடம் இருந்தால், உங்கள் எண்ணை யாராவது என்ன பெயரில் சேமித்திருக்கிறார்களோ அதுவே வரலாம். 'வீட்டு ஓனர் தெற்குத் தெரு' என்று வந்தால், உங்கள் தகவல் ஏற்கெனவே வெளியே போய்விட்டது. அந்தச் செயலியில் எண்ணை நீக்கக் கோரும் பக்கம் இருக்கும், அங்கே நீக்குங்கள்.

இரண்டு சிம் போன்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல போன்களில் ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றது உறங்கிவிடும், அழைப்பவருக்குத் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று கேட்கும். அதற்கு அழைப்பைத் திருப்பிவிடலாம். பெரும்பாலான நிறுவனங்களில், வெளி எண்ணிலிருந்து *62* என்று தொடங்கி, வீட்டு எண்ணை இட்டு, # போட்டு அழைத்தால், தொடர்பு கிடைக்காதபோது மட்டும் அழைப்பு திரும்பும். ##62# போட்டால் ரத்தாகும். எல்லாத் திருப்பல்களையும் ஒரே அடியில் நீக்க ##002#. ஒன்றைக் கவனியுங்கள்: திரும்பிய அழைப்பை நீங்கள் எடுக்காவிட்டால், வீட்டு எண்ணின் குரலஞ்சல் (வாய்ஸ்மெயில்), உங்கள் சொந்தக் குரலில் உங்கள் பெயரைச் சொல்லி வரவேற்கும். பெயர் இல்லாத வரவேற்பை வையுங்கள், இல்லையென்றால் குரலஞ்சலையே அணைத்துவிடுங்கள். இந்த நட்சத்திரக் குறியீடுகளை, கூரியர் என்றோ வங்கி என்றோ சொல்லி அழைப்பவர் அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். உங்கள் ஓடிபி அழைப்புகளைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பிக்கொள்ளும் வழி அது.

ஒருவர் உங்கள் போனையே வேவு பார்க்கிறார் என்ற சந்தேகம் இருந்தால் இந்தப் பகுதியில் சொன்ன எதுவும் போதாது. வேவு செயலி இருக்கும் போனில் நூறு சிம் போட்டாலும் அது எல்லாவற்றையும் பார்க்கும். வேறு போன், வேறு மின்னஞ்சல் கணக்கு, வேறு வைஃபை வேண்டும். பழைய போனை உடனே அணைத்துவிடாமல், அதில் வழக்கம்போலப் பேசிக்கொண்டே புதியதை அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

பூட்டுகள்

சிம்முக்கே ஒரு பின் எண் உண்டு. போன் திருடுபோனால் திருடன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்குவான், உங்கள் திரைப்பூட்டு அங்கே உதவாது. பாதுகாப்புப் பகுதியில் சிம் பூட்டைப் போட்டால் உதவும். ஆனால் இயல்பான பின் என்ன என்று நிறுவனத்திடம் கேட்ட பிறகே தொடுங்கள். மூன்று முறை தவறாக இட்டால் பியூகே என்ற எட்டு இலக்க எண்ணைக் கேட்கும். அதைப் பத்து முறை தவறவிட்டால் சிம் செத்துப் போகும். சிம் ஒட்டி வந்த அட்டையில் பெரும்பாலும் பியூகே அச்சிட்டிருக்கும், அந்த அட்டையைத் தூக்கி எறியாதீர்கள்.

வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் மூன்றிலும் கூடுதல் பின் அல்லது கடவுச்சொல் வையுங்கள், முதல் இரண்டிலும் மீட்பு மின்னஞ்சலையும் சேருங்கள். அனுமதிக்கும் இடங்களில் ஓடிபியைக் குறுஞ்செய்தியிலிருந்து அங்கீகாரச் செயலிக்கு (போனிலேயே ஓடிபியை உருவாக்கும் செயலி) மாற்றுங்கள். எண் போனாலும் கணக்கு போகாது.

உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கி ஒருவர் எண்ணைக் கடத்துகிறார் என்பதற்கு முக்கியமான அடையாளம் இது: எப்போதும் சிக்னல் இருக்கும் இடத்தில் திடீரென்று சிக்னல் போய்விடும். போனை அணைத்துப் போட்டும் வராவிட்டால், வேறு போனிலிருந்து முதலில் தொலைபேசி நிறுவனத்தையும் அடுத்து வங்கியையும் அழையுங்கள். வங்கி சிம்மைப் பழைய போனில் போட்டு அணைத்து அலமாரியில் வைக்கும் பழக்கம் இதனால்தான் ஆபத்து. பத்திரமாகத் தோன்றும், ஆனால் சிக்னல் போனது பத்து நாளுக்குத் தெரியாது.

உயிரோடு வைத்திருக்க

பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் துண்டித்துவிடும். எத்தனை நாள் என்பதை எடுக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். உள்ளே வரும் அழைப்பு சில இடங்களில் பயன்பாடாகக் கணக்கில் வராது. எனவே மாதம் ஒரு முறை அந்த எண்ணிலிருந்து ஓர் அழைப்பு, ஒரு குறுஞ்செய்தி. ரீசார்ஜ் முடியும் தேதிக்கு ஐந்து நாள் முன்னதாக நாட்காட்டியில் நினைவூட்டல். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் திறக்காமல் இருந்தால் பொதுவாக நீக்கப்படும்.

எண்ணை எங்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவாருங்கள். போனில் எழுதினால் அந்தப் போனோடு போய்விடும்.

விட்டு விலகும்போது

ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் தானாகப் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். மேலே சொன்ன ஆய்வில் அகப்பட்ட 171 எண்களும், கணக்குகளில் எண்ணை மாற்றாமல் யாரோ விட்டுப் போனவைதான். தாளை எடுத்து வைத்துக்கொண்டு வங்கி, மின்னஞ்சல், பணச் செயலி, அரசு ஆவணம் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக எண்ணை மாற்றிக் கோடு போடுங்கள். வாட்ஸ்அப்பில் கணக்கைத் தொடர வேண்டுமானால் 'எண்ணை மாற்று' என்பதைப் பயன்படுத்துங்கள், வேண்டாமென்றால் கணக்கை நீக்குங்கள். செயலியை மட்டும் போனிலிருந்து அழித்தால் கணக்கு அந்த எண்ணிலேயே நிற்கும். டெலிகிராமிலும் அப்படியே.

எல்லாம் மாற்றிய பிறகும் இரண்டு மாதம் சிம்மைப் போனிலேயே வைத்திருங்கள். மறந்துபோன காப்பீடு, வருடத்துக்கு ஒரு முறை செய்தி அனுப்பும் எரிவாயு நிறுவனம் என்று ஒன்றிரண்டு வரும், அவற்றையும் மாற்றுங்கள். பிறகு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து இணைப்பை முறையாகத் துண்டித்து, அதற்கான ஒப்புதலை வாங்கிக்கொள்ளுங்கள். இ-சிம் என்றால் ஒப்புதல் வந்த பிறகே போனிலிருந்து நீக்குங்கள். அட்டை என்றால் தங்கநிறச் சில்லின் நடுவே கத்தரியால் வெட்டிப் போடுங்கள்.